எஸ்டேட் கணக்கு லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாற்றம்: பழைய டிஸ்க்கைக் கெடுத்தது எது?

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸின் கணக்கு லேப்டாப். 15.6 அங்குலத் திரை, இன்டெல் கோர் ஐ5-8250யூ புராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஏழு வருஷமாக ஓடுகிறது. பவர் பட்டனை அமுக்கினால் டெஸ்க்டாப் வர 4 நிமிஷம் 10 விநாடி. வந்த பிறகும் மவுஸுக்கு அடங்க இன்னொரு நான்கு நிமிஷம். டேலி என்ற கணக்கு மென்பொருளில் வவுச்சரை (ஒரு கணக்குப் பதிவை) சேவ் செய்தால் சில நேரம் அரை நிமிஷம் அப்படியே உறைந்து நிற்கும். பழம் பறிக்கும் பருவம். சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா. செக்ரோலை, அதாவது ஆள் வருகைப் பதிவேட்டைப் பார்த்து நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களை ஏற்ற வேண்டும். அதனால் எஸ்டேட் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுபவர், லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு சேலத்தில் எங்கள் ரிப்பேர் மேஜைக்கு இறங்கினார். "எஸ்எஸ்டி போட்டா ஸ்பீடாயிடும்னு சொன்னாங்க தம்பி, போட்டுக் குடுங்க" என்றார்.

போடலாம். எஸ்எஸ்டி என்பது சுற்றும் தட்டுக்குப் பதில் சிப்பில் டேட்டாவை வைக்கும் டிஸ்க். இந்த மாடலில் டிஸ்க்கைக் கழற்றி மாட்டும் வேலை இருபது நிமிஷம்தான். ஆனால் இந்த லேப்டாப்பில் அந்த இருபது நிமிஷத்துக்கு முன்னால் இரண்டு நாள் வேலை இருந்தது. காரணம், டிஸ்க் மெதுவானது மட்டுமல்ல, கெட்டுக்கொண்டும் இருந்தது. எது கெடுத்தது என்று பார்க்காமல் புதியதை மாட்டியிருந்தால், அதையும் அதே காரணம் கெடுத்திருக்கும்.

மெதுவான டிஸ்க்கா, சாகிற டிஸ்க்கா?

நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க், விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிவிநாடி. தேவைப்படும் செக்டர் (தட்டில் டேட்டா எழுதும் ஒரு சிறு துண்டு) படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 5.6 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். தலையைத் தாங்கும் கை அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு 12 மில்லிவிநாடி போகும். ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கும்போது விநாடிக்கு அறுபது துண்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. விண்டோஸ் பூட் ஆகும்போது இப்படிப் பல்லாயிரம் துண்டுகளைக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் நகர வேண்டிய கையும் இல்லை, சுற்றும் தட்டும் இல்லை. ஒரு துண்டு வர 0.1 மில்லிவிநாடி அளவுதான். ஹார்டு டிஸ்க் போட்ட லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மறுபிறவி மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுதான்.

நல்ல நிலையில் உள்ள ஹார்டு டிஸ்க்கும் விண்டோஸ் 10-ல் டாஸ்க் மேனேஜரில் 100 சதவீதம் காட்டும். அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். பக்கத்திலேயே இருக்கும் சராசரி ரெஸ்பான்ஸ் நேரத்தைப் பாருங்கள். ஆரோக்கியமான டிஸ்க்கில் நெருக்கடி நேரத்தில் நூறு, ஐந்நூறு மில்லிவிநாடி வரும், பிறகு இறங்கிவிடும். இந்த லேப்டாப்பில் 0.2 எம்பி வேகத்தில் 8,000 மில்லிவிநாடிக்குத் தாவியது. அதாவது ஒரே இடத்தைப் படிக்க டிஸ்க் எட்டு விநாடி முட்டி மோதுகிறது. ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்தால் டிஸ்க் என்ற பெயரில் 7-ஆம் எண் பிழையும் 153-ஆம் எண் எச்சரிக்கையும் வரிசையாக நின்றன. 7 என்றால் படிக்க முடியாத பிளாக். 153 என்றால் பதில் வராமல் விண்டோஸ் மறுபடி கேட்டிருக்கிறது.

அடுத்தது ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு. அதைப் படித்துக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டியது. இந்த மென்பொருளின் கடைசி நெடுவரிசையில் உள்ள எண்கள் 16-அடிமானத்தில் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை) இருக்கும். பலர் அதை அப்படியே சாதாரண எண்ணாகப் படித்துவிடுகிறார்கள். செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறியீடு உண்டு. இங்கே 09 என்ற வரியில் 2சி88, அதாவது 11,400 மணி நேரம் ஓடியிருக்கிறது. சி5-இல் 38. அது முப்பத்தெட்டு அல்ல, 56. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் அவை. இந்த டிஸ்க்கில் ஒரு நிஜ செக்டர் 4,096 பைட். விண்டோஸுக்கு 512 பைட்டாகப் பிரித்துக் காட்டுகிறது. அதனால் எண் எட்டு எட்டாக ஏறும். 56 என்றால் தட்டில் ஏழு இடங்கள். 05-இல் சுழியம்: இதுவரை ஒரு செக்டரையும் மாற்று இடத்துக்கு நகர்த்தவில்லை. கேபிள் வழியில் வரும் பிழைகளை எண்ணும் சி7-உம் சுழியம், ஆகவே கேபிள் நன்றாக இருக்கிறது.

கண்ணை உறுத்தியது சி0. 7பிஏ, அதாவது 1,978. கரண்ட் திடீரென்று போய், டிஸ்க் தன் தலையை அவசரமாக இழுத்து ஒதுக்கிய தடவைகளின் கணக்கு இது. சில மாடல்களில் ஒழுங்காக அணைத்தாலும் இந்த எண் ஏறும் என்பதால் 0சி-யுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதில் மொத்தம் 4,300 தடவை ஆன் ஆகியிருக்கிறது. ஆக, ஏறக்குறைய பாதித் தடவை இந்த லேப்டாப் ஒழுங்காக அணைக்கப்படவே இல்லை.

அடாப்டரை உருவிப் பார்த்தோம். ஒன்பது விநாடியில் திரை இருண்டது.

பேட்டரிதான் வேர்

கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளை தரும் பேட்டரி ரிப்போர்ட்டில், தயாரித்தபோது இருந்த கொள்ளளவு 41,000 மில்லிவாட்-மணி. இப்போது முழு சார்ஜில் 5,300. எண் கணக்குப்படி இருபது நிமிஷமாவது தாங்க வேண்டும். ஆனால் முதிர்ந்த செல், சுமை ஏறியதும் வோல்ட்டை விட்டுவிடும், போர்டு உடனே அணைந்துவிடும். "ரெண்டு வருஷமா கரன்ட்லயேதான் ஓடுது" என்றார் ரைட்டர். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போவதும் வருவதும் புதிதல்ல. மரக்கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும். ஒவ்வொரு தடவையும் லேப்டாப் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மாதிரி படக்கென்று செத்திருக்கிறது.

தலை ஒதுங்குவதற்கு டிஸ்க்கிடம் ஏற்பாடு இருக்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்துத் தலையைச் சரிவுப் பாதையில் ஏற்றிவிடும். தட்டில் உரசாது. ஆனால் அந்தக் கணம் எழுதிக்கொண்டிருந்த செக்டர் பாதியில் நிற்கும். அதில் உள்ள டேட்டாவுக்கும் அதன் பிழைத்திருத்தக் குறியீட்டுக்கும் பொருத்தம் இருக்காது. அடுத்த தடவை படிக்கும்போது "இது தப்பு" என்று டிஸ்க் மறுக்கும், நிலுவைப் பட்டியலில் சேர்க்கும். தட்டில் கீறலே இல்லாமலும் சி5 இப்படி ஏறலாம். 05 சுழியமாக இருந்து சி5 மட்டும் ஏறியிருந்தால் இந்தச் சந்தேகம் வலுவாகிறது. ஆனால் உறுதி செய்ய, டேட்டாவை முழுக்க எடுத்த பிறகு டிஸ்க் முழுவதும் எழுதிப் பார்க்க வேண்டும். அதுவரை சாகிற டிஸ்க் என்றே நடத்துவதுதான் நியாயம்.

ரைட்டர் கேட்ட இன்னொரு கேள்வியையும் இங்கே சொல்ல வேண்டும். "மேல காத்து கம்மி, அதான் டிஸ்க் போவுதா தம்பி?" தலை தட்டுக்கு மேல் மிதப்பது காற்றின் மீதுதான், ஆகவே கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் இந்த வகை டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் உச்ச உயரம் பொதுவாக 3,048 மீட்டர், பத்தாயிரம் அடி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். உயரம் காரணமல்ல. மூடியை மட்டும் மூடிப் பையில் வைத்துக்கொண்டு அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது வேறு விஷயம். ஸ்லீப்பில் இருக்கும் லேப்டாப் பைக்குள் விழித்துக்கொண்டால், சுற்றும் தட்டோடு அத்தனை குலுக்கலையும் வாங்கும். பல 2.5 அங்குல டிஸ்க்குகள் ஓடாதபோது 1,000 ஜி அதிர்ச்சி தாங்கும், ஓடும்போது 400 ஜி வரைதான்.

முதலில் டேட்டா

எங்கள் மேஜைக்கு வரும் முன்பே எஸ்டேட்டில் யாரோ யூஎஸ்பி கேபிளில் வேறொரு டிஸ்க்கை மாட்டி க்ளோன் (டிஸ்க்கின் முழு நகல்) போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 43 சதவீதத்தில் நின்றுவிட்டது. பிறகு விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை, கெட்ட செக்டரைத் தேடும் ஆர் என்ற ஸ்விட்சுடன் இரவு முழுக்க ஓட விட்டிருக்கிறார்கள். இரண்டுமே இந்த நிலையில் செய்யக் கூடாதவை. சாதாரண க்ளோன் மென்பொருள் படிக்காத செக்டரில் முட்டிக்கொண்டு நிற்கும்; நோயாளி டிஸ்க்கை அங்கேயே அடித்துக்கொண்டிருக்கும். செக்டிஸ்க்குக்கு ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு நேராக வேண்டும் என்பதுதான் குறி. உங்கள் ஃபைல் பிழைக்க வேண்டும் என்பது அதன் வேலை அல்ல. கணக்கில் ஒட்டாத துண்டை வெட்டி எறிந்துவிடும்.

ஆகவே டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி அடாப்டர் இல்லாமல், ஒரு டெஸ்க்டாப் மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் (டிஸ்க்குக்கான இணைப்பில்) நேராக மாட்டினோம். மலிவான யூஎஸ்பி அடாப்டர்கள் டிஸ்க் ஒரு செக்டரில் திணறும்போது இணைப்பையே துண்டித்துவிடும். லினக்ஸ் லைவ் பென் டிரைவில் பூட் செய்து, டிடி-ரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு 2 டிபி நல்ல டிஸ்க் ஒன்றில் முழு இமேஜ், அதாவது டிஸ்க்கின் அச்சு நகல் எடுத்தோம். இந்தக் கருவியின் அருமை அதன் மேப் ஃபைலில் இருக்கிறது. எங்கே படித்தது, எங்கே தாண்டியது என்று எழுதி வைத்துக்கொள்ளும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் ஃபைல் பெயர் கொடுக்காமல் ஓட்டினால் இந்தப் பலன் முழுக்கப் போய்விடும்.

முதல் சுற்றில் கெட்ட இடத்தைச் சுரண்டாமல் தாண்டச் சொல்ல வேண்டும். நல்ல பகுதி எல்லாம் முதலில் வெளியே வந்துவிடும். விநாடிக்குச் சராசரி 90 எம்பி வேகத்தில் 1 டிபி-க்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டாம் சுற்றில் தாண்டிய இடங்களைச் சுரண்டி, ஒவ்வொன்றுக்கும் மூன்று முயற்சி. ஏழு செக்டரில் ஒன்று வந்தது. ஆறு வரவில்லை: 24,576 பைட். ஆயிரம் ஜிபியில் இருபத்துநான்கு கேபி. கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். அந்த இருபத்துநான்கு கேபி எந்த ஃபைலில் விழுந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க நேரான வழி ஒன்று உண்டு. இமேஜை இன்னொரு நகல் எடுத்து, டிடி-ரெஸ்க்யூவின் நிரப்பும் வசதியால் கெட்ட இடங்களில் மட்டும் வேறெங்கும் வராத ஒரு சொல்லை எழுதி நிரப்பி, பிறகு நகலைப் படிக்க மட்டுமான முறையில் திறந்து, அந்தச் சொல் எந்த ஃபைலில் இருக்கிறது என்று தேடுவது. இரண்டு செக்டர் பேஜ் ஃபைலில் (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எழுதும் தற்காலிக ஃபைல்), கவலையில்லை. இரண்டு விண்டோஸின் சொந்த ஃபைல்களில். ஒன்று பிரவுசர் கேஷில். கடைசி ஒன்று டேலி கம்பெனி ஃபோல்டருக்குள், வவுச்சர் டேட்டா ஃபைலில். அடிக்கடி எழுதப்படும் இடங்களாகவே இருப்பதைக் கவனியுங்கள். பாதி எழுதும்போது கரண்ட் போனது என்ற ஊகத்துக்கு இது இன்னொரு சாட்சி.

டேலி டேட்டாவை மூலத்தைத் தொடாமல் நகலில் வைத்து, டேலியின் ரிப்பேர் வசதியால் சரி செய்ததில் கம்பெனி திறந்தது. ஒரே நாளின் நான்கு வவுச்சர்கள் காணவில்லை. பென் டிரைவில் பழைய பேக்கப் ஒன்று இருந்ததால் எந்த நாள் என்று ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடிந்தது. செக்ரோல் காகிதத்தில் இருந்ததால் ரைட்டர் அவற்றை மறுபடி ஏற்றினார்.

மறந்துபோகும் ஒரு பொருள், தமிழ் ஃபான்ட். எஸ்டேட் கடிதங்கள் பல பாமினியில் தட்டச்சு செய்தவை. அது யூனிகோட் அல்ல. ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும், "டாக்குமென்ட் கெட்டுப்போச்சு" என்று பதறுவார்கள். பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுத்து வைத்தால் தீர்ந்தது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர், பிரின்டர் மாடல் எண் ஆகியவற்றையும் இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

எந்த எஸ்எஸ்டி?

லேப்டாப்பின் விவரக் குறிப்பில் எம்.2 ஸ்லாட் (பட்டை வடிவ எஸ்எஸ்டி மாட்டும் இடம்) உண்டு என்று இருந்தது. மூடியைத் திறந்தால் போர்டில் அந்த இடத்தில் ஈயப் புள்ளிகள் மட்டும் வரிசையாக மினுங்கின, கனெக்டரே வைக்கவில்லை. ஒரே போர்டைப் பல விலையில் விற்கும் மாடல்களில் இது சகஜம். அதனால் மூடியைத் திறந்து கண்ணால் பார்க்காமல், அந்த ஸ்லாட்டில் மாட்டும் வேகமான வகையான என்விஎம்இ எஸ்எஸ்டியை வாங்காதீர்கள். ஸ்லாட் இருந்தாலும் எந்த வகை என்று பார்க்க வேண்டும். எம்.2 வடிவில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இ-யும் உண்டு. பொதுவாக தொடுமுனை விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா, ஒரே வெட்டு என்றால் என்விஎம்இ. சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ மாட்டினால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரையில்) தெரியவே தெரியாது. 2280 என்ற எண் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். திருகு நிற்கும் இடம் அந்த நீளத்துக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆக 2.5 அங்குல சாட்டா, 7 மில்லிமீட்டர் தடிமன், 500 ஜிபி. பழைய டிஸ்க்கில் உபயோகத்தில் இருந்தது 210 ஜிபி. சாட்டாவின் உச்சம் விநாடிக்கு 550 எம்பி அளவு. என்விஎம்இ அதைப் பல மடங்கு தாண்டும். கணக்கு வேலைக்கு அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வருவதுதான் பெரிய தாவல்.

டிராம் கேஷ் (தனி வேக நினைவகம்) உள்ள, டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும்) வகையைத் தேர்ந்தோம்: சாம்சங் 870 ஈவோ. இதன் 500 ஜிபி-க்கு நிறுவனம் சொல்லும் எழுத்து ஆயுள் 300 டிபி, வாரன்டி 5 வருஷம். ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும் வருஷத்துக்கு 7.3 டிபி, 300-ஐத் தொட நாற்பது வருஷம் ஆகும். "எஸ்எஸ்டி எழுதி எழுதித் தேஞ்சுடும்" என்ற பயம் ஆபீஸ் வேலைக்குப் பொருந்தாது. எஸ்எஸ்டி போவது வேறு விதம்: முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் பயாஸில் தெரியாமல் போகும். இன்னொன்று, நம்ப முடியாத விலையில் 2 டிபி என்று ஆன்லைனில் வருபவை. திறந்தால் உள்ளே மெமரி கார்டு ஒட்டியிருக்கும் போலிகள் உண்டு. எந்த எஸ்எஸ்டியாக இருந்தாலும் மாட்டும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற கருவியால் முழு அளவும் எழுதிப் படித்துப் பார்ப்பது நல்லது.

மூடியைத் திறப்பது

விண்டோஸ் இன்னும் ஓடுகிற லேப்டாப் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். வெறும் ஷட் டவுன், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது பாதித் தூக்கம்தான். அந்த டிஸ்க்கை லினக்ஸில் திறந்தால் எழுத விடாது. குளிரில் இருந்து வந்த லேப்டாப்பை சேலம் வெக்கையில் உடனே திறக்காமல் ஒரு மணி நேரம் விட வேண்டும், இல்லாவிட்டால் உலோகத்தில் ஈரம் பூக்கும்.

அடிப்பக்கம் 11 திருகுகள். கீல் பக்கத்தில் உள்ள நான்கு நீளமானவை. அவற்றை முன்பக்கத்தில் போட்டால் கையை வைக்கும் பகுதியில் புடைத்துக்கொண்டு வரும். தெர்மோகோல் அட்டையில் லேப்டாப்பின் உருவம் வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றாகக் குத்தி வையுங்கள். இரண்டு திருகு பின்பக்க ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன. சிடி டிரைவைப் பிடிக்கும் திருகை எடுத்து டிரைவை வெளியே இழுத்தால் அந்தப் பொந்தின் விளிம்பில் இன்னும் மூன்று, குட்டை, கறுப்பு. இந்த மூன்றை மறந்து மூடியை நெம்புவதால்தான் இந்த வகை லேப்டாப்பில் மூலைப் பிளாஸ்டிக் உடைகிறது.

மலை ஈரத்துக்குத் திருகுகள் துருப்பிடித்திருந்தன. ஒன்றின் தலை வழுக்கியது. வழுக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இன்னொரு சுற்று திருகினால் தலை கிண்ணமாகிவிடும். பலூன் ரப்பரில் ஒரு துண்டு வெட்டி மேலே வைத்து, சரியான பிஎச்0 திருப்புளியை அழுத்திப் பிடித்து மெல்லத் திருகியதில் வந்தது.

மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்குவது. டிஸ்க் ஒரு தகரச் சட்டத்தில், பக்கத்துக்கு இரண்டாக நான்கு எம்3 திருகில் நிற்கிறது. 3 மில்லிமீட்டர் நீளம். வேறு நீளத் திருகைத் தேடிப் போட வேண்டாம். டிஸ்க்கிலிருந்து போர்டுக்கு ஒரு தட்டையான ரிப்பன் கேபிள். போர்டு முனையில் அரிசி மணி அகலத்துக்கு ஒரு கறுப்புத் தாழ்ப்பாள். அது நிமிர்ந்து திறப்பது, இழுத்து எடுப்பதல்ல. நகத்தால் நிமிர்த்தினால் கேபிள் தானாக விடும். தாழ்ப்பாளை நிமிர்த்தாமல் இழுத்து, கேபிளின் தங்க நிறக் கோடுகளை உரித்துவிட்டு வரும் லேப்டாப்புகள் ஏராளம். இந்தக் கேபிளில் தொடுமுனைகள் கொஞ்சம் பச்சை பூத்திருந்தன. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்ததும் போனது.

புது எஸ்எஸ்டியைச் சட்டத்தில் மாட்டி, கேபிள் முனையை இரு பக்கமும் ஒரே அளவு உள்ளே தள்ளி, தாழ்ப்பாளை மடக்க வேண்டும். கேபிளில் அச்சிட்ட வெள்ளைக் கோடு தாழ்ப்பாளுக்கு இணையாக நின்றால் சரி. கோணலாக நின்றால் சில நாள் நன்றாக ஓடும், பிறகு "பூட் டிவைஸ் இல்லை" என்று வரும். ஸ்மார்ட்டில் சி7 ஏறும். எஸ்எஸ்டியைக் குறை சொல்வார்கள், தப்பு கேபிளில் இருக்கும்.

விண்டோஸ்

பழைய விண்டோஸின் சொந்த ஃபைல்கள் இரண்டு கெட்டிருந்ததால் க்ளோன் வேண்டாம் என்று முடிவு. தவிர விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. எட்டாம் தலைமுறை இன்டெல் என்பதால் விண்டோஸ் 11-க்குத் தகுதி உண்டு. 8 ஜிபி பென் டிரைவில் இன்ஸ்டாலர் தயாரித்து, யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து, புதிதாகப் போட்டோம். ஆக்டிவேஷன் சாவி போர்டிலேயே இருப்பதால் டிஸ்க் மாறுவது அதைப் பாதிக்காது. நம் ஊரில் விற்கும் பல லேப்டாப்புகளில் இருப்பது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பு. அதை விட்டு ப்ரோ போட்டால் அந்தச் சாவி செல்லாது.

24எச்2 என்ற பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து புதிதாகப் போடும் விண்டோஸ் 11, தகுதியான லேப்டாப்பில் கேட்காமலே டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து பூட்டிவிடுகிறது. 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி, எஸ்டேட் ஆபீஸ் பீரோவில் வைக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினோம். அது இல்லாமல் போர்டு பழுதானால் டேட்டாவை யாராலும் எடுக்க முடியாது.

டேலி லைசென்ஸ் அந்த மெஷினோடு கட்டப்பட்டது. டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் மாற்றும் முன் பழைய விண்டோஸிலேயே சரண்டர் செய்துவிட வேண்டும். இங்கே அந்த டிஸ்க்கை மறுபடி பூட் செய்ய மனமில்லை. பதிவு செய்த மின்னஞ்சல் கணக்கு வழியாகத்தான் மீட்டோம். அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். லைசென்ஸ் ஏறாவிட்டால் டேலி எஜுகேஷனல் முறையில் திறக்கும். மாதத்தில் குறிப்பிட்ட சில தேதிகளைத் தவிர வேறு தேதியில் என்ட்ரி போட விடாது.

பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்து க்ளோன்தான் போடப்போகிறீர்கள் என்றால் சில வார்த்தை. டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யும் பிட்லாக்கரை முதலில் நிறுத்தி வையுங்கள். 1 டிபி-யிலிருந்து 500 ஜிபி-க்குப் போவதால் சி டிரைவைச் சுருக்க வேண்டும். நடுவில் நகர மறுக்கும் ஃபைல்கள் நின்றால் ஹைபர்னேஷனையும் ரீஸ்டோர் பாயின்ட்டையும் தற்காலிகமாக அணைத்துவிட்டு முயலுங்கள். 500 ஜிபி எஸ்எஸ்டியை விண்டோஸ் 465 என்றுதான் காட்டும், அதற்கும் கீழே சுருக்குங்கள். முடிந்ததும் இரண்டு டிஸ்க்கையும் மாட்டியபடி பூட் செய்யாதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும்.

அளந்தது

ரேமைச் சேர்க்கும் முன், எஸ்எஸ்டி மட்டும் மாட்டிய நிலையில் அளந்தோம். இல்லாவிட்டால் எது எதைத் தந்தது என்று தெரியாது. டெஸ்க்டாப் வர 19 விநாடி. சின்னத் துண்டு படிப்பு விநாடிக்கு 0.4 எம்பி-யிலிருந்து 36 எம்பி. தொடர் படிப்பு 95-லிருந்து 530. டேலியும் பிரவுசரும் சேர்ந்து திறந்தால் 4 ஜிபி ரேம் நிரம்பி, பேஜ் ஃபைலுக்கு ஓயாமல் எழுதுவது தெரிந்தது. காலியாக இருந்த ஸ்லாட்டில் 4 ஜிபி டிடிஆர்4 சேர்த்ததும் அது அடங்கியது. ட்ரிம் (அழித்த ஃபைலின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் வசதி) வேலை செய்கிறதா என்று பார்க்க எஃப்எஸ்யூடில் கட்டளையின் கேள்விக்குச் சுழியம் பதிலாக வர வேண்டும், வந்தது. டீஃப்ராக்மென்ட் மென்பொருள் எதுவும் தேவையில்லை, விண்டோஸே எஸ்எஸ்டியை அறிந்து நடந்துகொள்ளும். ஒன்றை மட்டும் ரைட்டரிடம் சொல்லி அனுப்பினோம்: அழித்த ஃபைலை ஹார்டு டிஸ்க்கில் தேடி எடுக்க முடிந்த மாதிரி எஸ்எஸ்டியில் எதிர்பார்க்க முடியாது, ட்ரிம் அந்த இடத்தைத் துடைத்துவிடும்.

பேட்டரியையும் மாற்றினோம். முதலில் ரைட்டர் தயங்கினார்: "அதான் ஸ்பீடாயிடுச்சே, பேட்டரி அப்புறம் பாத்துக்கலாமே." பழைய டிஸ்க்கின் சி0 எண்ணைக் காட்டி விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டார். சாதாரண எஸ்எஸ்டியில் கரண்ட் போகும்போது எழுதி முடிக்க உதவும் பெரிய மின்தேக்கிகள் கிடையாது. அவை சர்வர் வகையில்தான் உண்டு. எழுதும்போது அறுந்தால் கடைசி சில எழுத்துகள் போகும், மோசமான தருணத்தில் எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற அட்டவணையே குழம்பி டிஸ்க் தெரியாமல் போகும். புது பேட்டரியோடு, 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஹைபர்னேட் ஆகும்படி பவர் செட்டிங்கில் வைத்தோம். கரண்ட் போனால் வேலையை முடித்து அணைக்க ரைட்டருக்கு இப்போது இரண்டு மணி நேரம் இருக்கிறது.

பழைய டிஸ்க்கை அவரிடம் கொடுத்து யூஎஸ்பி பெட்டியில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்வது பலர் செய்யும் வழக்கம். சி5 ஏறிய டிஸ்க்குக்கு அது ஆகாது. தேதி எழுதி ஒட்டி, ஆன்டி-ஸ்டாட்டிக் கவரில் ஒரு மாதம் வைத்திருந்தோம். எதுவும் விடுபடவில்லை என்று எஸ்டேட்டிலிருந்து உறுதி வந்த பிறகு, டிஸ்க் முழுவதும் ஒரு தடவை சுழியம் எழுதினோம். தொழிலாளர்களின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருந்தன, எப்படியும் அழிக்க வேண்டியதுதான். எழுதி முடித்ததும் ஸ்மார்ட்டைப் பார்த்தோம். சி5 சுழியத்துக்கு இறங்கியிருந்தது. 05-இல் 8. ஏழு இடங்களில் ஆறு புது எழுத்தை ஏற்றுக்கொண்டு சரியாகிவிட்டன. அவை கரண்ட் அறுத்தவை. தட்டிலேயே பழுதான இடம் ஒன்று மட்டும்.